வரப்போகும் பெட்டி

அந்த வீடியோ தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. முதலில் இருட்டு. இருட்டுக்குள் ஒரு வளைவு, முட்டையின் முதுகைப் போல. வளைவின் அடியில் பச்சையாக ஒரு கோடு மினுங்குகிறது. சாம்பல் நிறப் பூனை ஒன்று இடப்பக்கமாக வந்து வளைவுக்குப் பின்னால் மறைகிறது. பிறகு கம்பெனியின் பெயர், அதன் கீழே ‘மார்ச்சில்’ என்று ஒரே ஒரு சொல். பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மங்கையர்க்கரசி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். பூனைக்கான தானியங்கிக் கழிப்பறை. பூனை உள்ளே போய்விட்டு வந்ததும் தானே மண்ணைச் சலித்து, மூத்திரம் பட்டு இறுகிய கட்டியைத் தானே பிரித்தெடுத்து, தானே மூடிவைக்கும் என்கிறார்கள். எப்படி என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை. கட்டட இன்ஜினியர் ஒருவரிடம் படம் வரைகிற வேலை அவளுக்கு. கோயம்புத்தூரில் பலபேர் கட்டிய வீடுகளின் சமையல் மேடையும் குளியலறைச் சரிவும் அவள் கம்ப்யூட்டரில்தான் முதலில் உருவாகியிருக்கின்றன. அதனால் எதைக் கண்டாலும் மனசுக்குள் நடுவில் கத்தி வைத்து அறுத்து உள்ளே எப்படியிருக்கும் என்று பார்க்கிற பழக்கம், பூசணிக்காயானாலும் சரி, டவுன் பஸ்ஸானாலும் சரி. இந்த முட்டையையும் அறுத்துப் பார்த்தாள். உள்ளே உருளை இருக்குமானால் அது சுழல வேண்டும். சுழன்றால் மண் ஒரு பக்கமாகச் சரிந்து சல்லடை வழியே இறங்கும், கட்டிகள் மட்டும் தங்கி ஓர் ஓட்டை வழியாக அடித்தட்டில் விழும், கான்கிரீட் கலக்குகிற மெஷின் மாதிரி, ஆனால் தூக்கத்தில் புரளுவதுபோல மெதுவாக. உருளையெல்லாம் கிடையாது, சீப்பு மாதிரி ஒரு வாருகோல்தான் உள்ளே போய்வரும் என்று பூனை வளர்ப்பவர்கள் குழுவில் தேனிக்காரர் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். சீப்பு என்றால் வளைவு எதற்கு, பெட்டி சதுரமாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்று அவள் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தாள். அதைவிடப் பெரிய கேள்வி வாய் எந்தப் பக்கம் என்பது. அந்தச் சாம்பல் பூனை பின்னால் போய் மறைகிறது, உள்ளே நுழைவதைக் காட்டவில்லை. வாய் முன்பக்கம் என்றால் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துவிடலாம். பக்கவாட்டில் என்றால் வாய் சுவரைப் பார்த்து நிற்கும், பெட்டியை இந்த வீட்டில் எங்குமே வைக்க முடியாது. வைக்க முடிந்தாலும் மார்ச்சுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதுவரை பொரி இருக்க வேண்டும்.

பொரி, அவள் பூனை, வாசல் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வெயிலில் படுத்திருந்தாள். குட்டியாக ஒரு மழையில் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வந்து ஒதுங்கியபோது வெள்ளையும் லேசான மஞ்சளுமாக, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். இப்போது வயதாகிவிட்டது. சில வாரங்களாக, பால்கனியில் அவளுக்கென்று வைத்த மண்தொட்டி அருகே வருகிறாள், முன்னங்காலை விளிம்பில் வைக்கிறாள், வைத்தபடியே யோசிக்கிறாள், பிறகு தண்ணீரை மிதித்ததுபோல் காலை உதறிவிட்டுத் திரும்பிப் போகிறாள். விளிம்பு உயரம்தான், இடுப்பு வலிக்கிறது போல, என்று மங்கை முடிவுகட்டி ஒரு செங்கல்லைப் படியாக வைத்துப் பார்த்தாள். செங்கல்மேல் ஏறி நின்று யோசித்துவிட்டுப் போனாள் பொரி. மண்ணில் கட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. கரண்டியால் அள்ளும்போது தட்டுப்படுகிற அந்தக் கனம், எலுமிச்சம்பழம்போல இருந்தது நெல்லிக்காய் ஆயிற்று, சில நாள் அதுவும் இல்லை. பூனைக்கு மூத்திரம் குறைந்தால் சிறுநீரகம் என்று குழுவில் படித்த ராத்திரியிலிருந்து அந்த வார்த்தை அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், பல்லியைத் துரத்துகிறாள் என்று அந்த வார்த்தைக்குத் தினமும் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. டாக்டரிடம் தூக்கிப்போனால் ஊசி குத்தி ரத்தம் எடுத்து ஒரு நம்பரைச் சொல்லிவிடுவார், சொன்ன பிறகு அது இல்லையென்று ஆகாது. அந்தப் பெட்டி மட்டும் இருந்தால் அடியில் எடை பார்க்கிற கால்கள் இருக்கும், இல்லாமல் இந்தக் காலத்தில் ஒரு பெட்டி வருமா, பூனை ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது ஓர் எடை, போனது எத்தனை கிராம் என்று போனுக்கு வந்துவிடும். கரண்டியை ஆட்டி ஆட்டிக் கனம் பார்க்க வேண்டாம். ஆனால் வராத நாளில் என்ன அனுப்பும்? உங்கள் பூனை இன்று வரவில்லை என்றா? அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இப்படித்தான் மூத்திரத்தை ஒரு பாட்டிலில் பிடித்துக் கோடு பார்த்துச் சொன்னார்கள், அங்கே ஒரு நர்ஸ் கோட்டுக்கு நேராகக் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், பார்த்ததும் முகத்தில் ஒன்றும் இருக்காது. முகத்தில் ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குத் தெரியாது. அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் இருந்த மாதங்களில் பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் மங்கை அதைக் கவனித்தாள். வாசற்படி தாண்டியதும் முதலில் மூக்கு. மூக்குத் துவாரம் ஒரு நொடி விரிந்து உடனே சுருங்கும், அதற்கப்புறம்தான் சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். உட்காருவார்கள், ஆனால் நாற்காலியின் நுனியில். காப்பியை மறுப்பார்கள். அப்பாவுக்கு அந்த வாடை பழகிப்போயிருந்தது, அவருக்குத் தெரியாது. எல்லாரும் ஏன் சீக்கிரம் கிளம்பறாங்க என்று அவளைக் கேட்பார். வேலை இருக்கும்ப்பா என்பாள்.

இப்போது தெரியாதவள் அவள். அந்தப் பெரிய காய்ச்சலில் போன வாசனை திரும்பவில்லை. ஊரில் எல்லோருக்கும் போயிற்று, எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை. ஆரம்பத்தில் காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தருகே பிடிப்பாள், பெருங்காயத்தைப் பிடிப்பாள், தைலத்தைப் பிடிப்பாள். தைலம் மட்டும் மூக்குக்குள் ஜில்லென்று ஏறும், அது வாசனை இல்லை, வெறும் குளிர். வெங்காயம் கண்ணைக் கரிக்கும், அதுவும் வாசனை இல்லை. மல்லிகைப்பூவை வாங்கி வைத்துக்கொண்டால் தலையில் ஈரமாக ஏதோ இருப்பது மட்டும் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு நோயாகத் தோன்றவில்லை, கண்ணா காதா, மூக்குதானே. அப்புறம் பால் பொங்கிக் கருகி, புகை கூடத்துக்கு வந்து கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது ஒரு நாள். அன்றிலிருந்து காஸ் அடுப்பை அணைத்ததும் ரெகுலேட்டரையும் திருப்பி மூடுவாள், மூடியதைத் திரும்பிவந்து தொட்டுப் பார்ப்பாள், இதோ இப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனசு ஒருமுறை போய்த் தொட்டுவிட்டு வந்தது. காஸ் பயம்கூடப் பரவாயில்லை. அதற்குத் திருகு இருக்கிறது. பியூலா போன கோடையில் வந்திருந்தபோது கைக்குட்டையை எடுத்தாளே, அதற்கு என்ன திருகு. ஆபீஸில் எஸ்டிமேட் போடுகிற பியூலா, பக்கத்து மேஜை, மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்துக்கொள்கிறவள், வந்தாள், உட்கார்ந்தாள், கைக்குட்டையை எடுத்து மேலுதட்டில் ஒற்றினாள். சித்திரை வெயில், மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள், வேர்வைதான். வேர்வை என்றால் நெற்றியைத் துடைக்காமல் உதட்டை மட்டும் ஏன். காப்பி வேண்டாம் என்றாள். பியூலா காப்பியை வேண்டாம் என்று சொல்லி மங்கை பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டாள், அப்புறம் வரவேயில்லை. அந்தக் கைக்குட்டையை மங்கை இத்தனை மாதமாக விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீலக் கரை போட்டது. வீடே இப்படியென்றால் தன் துணியில், தலைமுடியில் மட்டும் இருக்காதா, ஆபீஸ் லிஃப்டில் பக்கத்தில் நிற்கிறவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வது எதற்காக என்று போகப்போக எல்லாவற்றுக்கும் அது ஒரே காரணமாகிவிட்டது. வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறேன் சார் என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டாள். இரண்டு வேளை குளிக்கிறாள். தொட்டியைக் கொட்டிக் கழுவுகிறாள். இன்று காலையிலும் மண் முழுவதையும் மாற்றித் தொட்டியைப் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். மூடியால் அளந்து ஊற்றச் சொல்லி பாட்டிலில் போட்டிருக்கிறது, ஆனால் இது போதும் என்று சொல்ல மூக்கு இல்லாதபோது மூடி என்ன செய்யும், கை தாராளமாகப் போனது. மத்தியானம் மறுபடி ஒருமுறை. ஏனென்றால் சாயங்காலம் வருகிறேன், உன்கிட்ட ஒண்ணு பேசோணும் என்று பியூலா போன் செய்திருந்தாள்.

அந்தப் பச்சைக் கோடு என்னவாக இருக்கும் என்பதில் குழுவில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. கரண்ட் இருக்கிறது என்பதற்கான விளக்கு, அலங்காரம், என்று கடந்து போய்விட்டார்கள். மங்கை அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி விரலால் பெரிதாக்கினாள். கோடு பெட்டியைச் சுற்றி ஓடுகிறது. வெறும் கரண்டுக்கு ஒரு புள்ளி போதாதா. இது வாடைக்கான கோடாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஏதோ ஒரு சின்னச் சில்லு மூச்சிழுத்துப் பார்க்கும், சரியாயிருந்தால் பச்சை, போகப்போக மஞ்சள், தாங்க முடியாதபோது சிவப்பு. அப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளாக இருந்தால் அப்படித்தான் வரைவாள். கோட்டை மேலே வைக்க மாட்டாள், அடியில்தான், கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாலே தரையில் நிறம் விழுகிற மாதிரி. யார் வந்தாலும் கதவைத் திறக்குமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம், பச்சை, வாங்க, உட்காருங்க. முகங்களைப் பார்க்க வேண்டியதில்லை. கரண்ட் போனால்? சுழன்றுகொண்டிருக்கும்போது போனால் உருளை பாதியில் நின்றுவிடும், வாய் கூரையைப் பார்த்து நிற்கும், பொரி வந்து வாயில்லாத முட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு யோசிப்பாள். உள்ளே பூனை இருக்கும்போது சுழலத் தொடங்கினால்? எடை பார்க்கிற கால் அப்போது மறந்துவிட்டால்? அந்தப் படத்தை அவள் முழுதாக வரையவிடாமல் பாதியில் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். நிற்கும், கண்டிப்பாக நிற்கும், அதுகூடவா யோசித்திருக்க மாட்டார்கள். கீழே தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் கரியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. வெயில் மெஷினின் மூடியிலிருந்து இறங்கி அவள் முழங்காலுக்கு வந்திருந்தது. ஜன்னலில் பொரி எழுந்து, முதுகை வளைத்து, ஒரு கொட்டாவி விட்டுவிட்டு உள் அறைப் பக்கமாக நடந்துபோனாள். அழைப்பு மணி அடித்தது.

“லிஃப்ட் இல்லாத வீட்டுல மூணாவது மாடியாப் பாத்துப் பிடிச்சிருக்கியே, நல்லா இருப்படீ நீ,” என்று மூச்சு வாங்கியபடி பியூலா உள்ளே வந்தாள். மங்கை அவள் மூக்கைப் பார்த்தாள். ஒரு நொடி விரிந்து சுருங்கியது. பிறகு சிரிப்பு. சிரிப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தது.

உட்கார் என்று சொல்வதற்காகத்தான் மங்கை வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“வாடை அடிக்குதா?”

“என்னது?”

“பூனை வாடை. உள்ள வந்ததும் அடிச்சுதா?”

பியூலா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி, எங்கே வைப்பது என்று பார்த்து, வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். “அடிக்குதுடீ,” என்றாள்.

“நெறையவா?”

“நெறையத்தான்.”

“போன தடவையும்?”

“போன தடவையும். தெரியாம கர்ச்சீப்ப எடுத்துட்டேன். எடுத்ததுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியல. கீழ போயி ஸ்கூட்டர்ல உக்காந்து, மறுபடி மேல வந்து சொல்லிரலாமான்னு யோசிச்சேன். என்னன்னு சொல்றது? உன் வீடு நாறுதுன்னு ஒருத்திகிட்ட எப்படிச் சொல்லோணும்னு நமக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அப்புறம் வராம இருந்தது அதவிடக் கேவலமாப் போச்சு. அந்தக் கேவலத்துலயே இன்னுங் கொஞ்ச நாள் போச்சு.”

மங்கைக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த வார்த்தைகள் காதில் விழுந்தால் தரை பிளந்துவிடும் என்று இத்தனை மாதம் நினைத்திருந்தாள். தரை இருந்த இடத்தில் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியல பியூலா. எனக்கு மூக்கு இல்ல.”

பியூலாவின் கண்கள் அவளையறியாமல் மங்கையின் மூக்குக்குப் போய்த் திரும்பின.

“அந்தக் காய்ச்சலோட போச்சு. எந்த வாசனையும் தெரியாது. இன்னும் வரல.”

“இத்தன வருஷமாவா?” பியூலா கைப்பையைச் சோபாவில் போட்டாள். “அப்ப கிறிஸ்மஸுக்கு மீன் கொழம்பு கொண்டாந்தேனே. படி ஏறும்போதே வாசம் வருதுன்னு சொன்னியே?”

“சும்மா சொன்னேன்.”

“அடிப்பாவி.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இருவரும் அதை முழுசாக விடவில்லை. மங்கைக்குக் கேட்க இன்னொன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. “என் மேல? என் மேலயும் அடிக்குதா?”

பியூலா கிட்டே வந்தாள். தோளைப் பிடித்துத் திருப்பி, காதுக்குப் பின்னால், கழுத்தும் முடியும் சேருகிற இடத்தில் மூக்கை வைத்து, பச்சைக்குழந்தையை முகர்வதுபோல நன்றாக இழுத்து முகர்ந்தாள். பிறகு மறுபக்கம். மங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மனுஷ மூக்கு இவ்வளவு கிட்டே வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

“சோப்பு. சோப்பு. கொஞ்சம் வேர்வ. வேற ஒண்ணும் இல்ல,” என்றாள் பியூலா. “இதுக்குத்தான் ஆபீஸுக்கு வராம இருந்தியா? சாரு என்னடான்னா நீ வேற எடம் பாக்கறேன்னு நெனச்சுட்டிருக்காரு. அதக் கேட்டுட்டு வரத்தான் என்னைய அனுப்பிச்சாரு.”

மங்கை போனை நீட்டி வீடியோவைக் காட்டினாள். ஏன் காட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. “இது மார்ச்ல வருது. வந்துருச்சுன்னா எல்லாம் சரியாயிரும்.”

“என்ன இது, ரைஸ் குக்கரா?”

உருளை, சல்லடை, எடை பார்க்கிற கால்கள், பச்சைக் கோடு என்று மங்கை சொல்லச் சொல்ல பியூலா பாதி கேட்டுக்கொண்டே பின்பக்கம் நடந்தாள். பால்கனிக் கதவருகே சடாரென்று நின்று கண்ணைக் கசக்கினாள்.

“பினாயில எவ்வளவுடீ ஊத்துன?”

“கொஞ்சந்தான். ஏன்?”

“கொஞ்சமா? எனக்கே கண்ணு எரியுது. பூனைக்கு மூஞ்சியே தரையோட தரையா இருக்குது, அது எப்படி இதுக்குள்ள காலு வெக்கும்?” குனிந்து தொட்டியை முகர்ந்துவிட்டு உடனே பின்வாங்கினாள். “இங்க பூனை வாடையே இல்ல மங்கை. வெறும் பினாயிலு.”

மங்கை அந்தத் தொட்டியைப் பார்த்தாள். விளிம்பு, செங்கல், உதறிய முன்னங்கால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குள் வந்து நின்றன. உயரம் இல்லை, இடுப்பு இல்லை. ஒவ்வொரு நாளும் சுத்தம் சுத்தம் என்று அவளே அந்த வாசலை அடைத்து வைத்திருக்கிறாள். “அப்ப நீ சொன்ன வாடை எங்கிருந்து வருது?” என்றாள்.

பியூலா கூடத்துக்குத் திரும்பி, தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு நின்றாள். சமையலறைப் பக்கம் ஓரடி வைத்து, இல்லையென்று தலையாட்டினாள். உள் அறைக்குப் போனாள். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் யாராவது வந்து தங்கினால் விரிக்கலாம் என்று வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை சுருட்டி நிறுத்தியிருந்தது. யாரும் வந்து தங்கியதில்லை. அதன் அருகில் பியூலா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினாள். மங்கை குனிந்து மெத்தையின் அடியைத் தொட்டாள். உள்ளங்கை ஈரமாயிற்று. நேற்றைய ஈரம், இன்றைய ஈரம், அதற்கும் அடியில் காய்ந்து விறைத்துப்போன பழைய ஈரங்கள். கட்டிலின்மேல் பொரி உட்கார்ந்து ஒன்றும் நடக்காததுபோல வாலை நக்கிக்கொண்டிருந்தாள்.

மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரகம் என்ற அந்த வார்த்தை எழுந்து போய்க்கொண்டிருந்தது. பூனைக்கு ஒன்றும் குறையவில்லை. போகவேண்டிய அளவு போயிருக்கிறாள், ஒரு நாள் தவறாமல், நிறைய, தாராளமாக, மெத்தையே ஊறிப்போகிற அளவுக்குப் போயிருக்கிறாள். “என்னடீ, அழறியா?” என்று முந்தானைக்குள்ளிருந்து பியூலா கேட்டாள். “இல்ல, இல்ல,” என்று மங்கை ஈரக்கையைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். “எவ்வளவு பேஞ்சு வெச்சிருக்கா பாரு.”

மெத்தையைக் காயவைக்கலாமா என்று மங்கை இழுத்தாள், பியூலா விடவில்லை, இதெல்லாம் காயாது, குப்பைத்தொட்டிதான் என்றாள். பழைய புடவையால் நடுவில் ஒரு கட்டுப் போட்டார்கள். மேல் நுனியைப் பியூலாவிடம் கொடுத்துவிட்டு ஈரப்பக்கத்தை மங்கை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். படியில் அவள் முன்னால் பின்னோக்கி இறங்க, மேலே பியூலா கன்னம் இரண்டையும் உப்பி மூச்சை அடக்கிக்கொண்டு வந்தாள். திருப்பங்களில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, நீருக்குள்ளிருந்து வந்தவள்போல ஒரு வாய் காற்று இழுத்துக்கொண்டு மறுபடி உப்பினாள். “எப்படிடீ அதக் கட்டிப் பிடிக்கிற?” என்றாள் இரண்டாவது மாடியில். “எனக்கு வெயிட்டு மட்டுந்தான் தெரியுது,” என்றாள் மங்கை. அதற்கு மேல் பியூலாவால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, சிரிப்பில் காற்றெல்லாம் வெளியே போய், மெத்தை கைநழுவிப் படியில் இடித்து நின்றது. சத்தம் கேட்டு முதல் மாடிக் கதவு திறந்தது. வங்கியிலிருந்து ரிட்டையரான அம்மாள், படியில் வணக்கம் சொல்வதோடு சரி. அவர் இவர்களைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், அவர் மூக்கு விரிந்தது.

“பூனை மூத்திரங்க!” என்று மங்கை உரக்கச் சொன்னாள். “கொஞ்ச நேரத்துக்குக் கதவச் சாத்திக்குங்க, கீழ கொண்டு போயிடறோம்.”

அடுத்து அந்த முகத்தில் என்ன வந்தது என்று அவள் பார்க்கவில்லை. மெத்தையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்து, குதிகாலால் படியைத் தேடிக்கொண்டு, இறங்கிக்கொண்டிருந்தாள்.